பெட்டிக்குள் ஒரு கை

அத்தியாயம் பதினான்கு

அன்று காலை வேலைக்கு உட்கார்ந்ததிலிருந்து ரூயுன் தன் கணவனின் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

திரையில் படங்கள் வந்தபடி இருந்தன. ஒரு பெட்டி நிறையக் குழந்தைகளின் காலுறைகள். அடுத்ததில் ஷாம்பு பாக்கெட்டுகள். அதற்கடுத்து பூனைத் தீனி. எதை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் போனால் ரோபோ கை அப்படியே நின்றுவிடும். தன் கேமராவில் தெரிவதைப் படமெடுத்து அனுப்பும். தான்செங் ஊரில், பழைய தையல் பள்ளியின் மாடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்து, 'இங்கே பிடி' என்று மவுஸால் ஒரு புள்ளி வைப்பாள். வைத்த மறுகணம், எங்கோ ஜியாஷிங் கிடங்கில் அந்தக் கை விழித்துக்கொண்டு பொருளைத் தூக்கி, ஓடும் பட்டையில் போடும்.

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அது கொஞ்சம் கற்றுக்கொள்கிறது என்று வேலைக்கு எடுக்கும்போதே சொன்னார்கள். எல்லாம் கற்றுக்கொண்ட பிறகு நமக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

கணவன் கெஹாய் இருந்தது அந்தக் கிடங்கில்தான். அவனுடைய அக்கா ஷுவாங்மெய்யும் அங்கேதான். கிடங்கு ஆட்களின் வீட்டுப் பெண்களுக்கு முதலிடம் என்று கம்பெனி அறிவித்தபோது ரூயுன் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்ததும், கெஹாயின் வரிசைப் படங்களைத் தன் திரைக்கே திருப்பிவிடும்படி மேலாளர் தௌவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்ததும் நாம் அறிந்ததுதான். தௌ இளைஞன். மனசு இளகியவன். "யாருக்கும் தெரியக் கூடாது, அக்கா. தெரிஞ்சா என் வேலை போயிடும்" என்று மட்டும் சொன்னான்.

அதிலிருந்து கணவனுக்கும் மனைவிக்கும் ஒரு விளையாட்டு.

ரோபோ கை திணறி நிற்கும்போது கெஹாய் பெட்டிக்குள் கைவிட்டுச் சிக்கெடுப்பான். எடுப்பதற்கு முன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவான். கட்டைவிரலின் அடியில் எண்ணெய் தெறித்த தழும்பு. ரூயுன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு 'மறுபடம்' கேட்பாள். அடுத்த படத்தில் கை போயிருக்கும். அதன் பிறகுதான் புள்ளி வைப்பாள்.

வசந்தப் பண்டிகைக்கு வந்துபோன பிறகு அவனை அவள் நேரில் பார்க்கவில்லை. வீடியோவில் பேசும்போது பாதிப் பேச்சிலேயே தூங்கி விழும் அந்த முகத்தைவிட, இந்தக் கை அவளுக்கு நெருக்கமாகிவிட்டிருந்தது.

இன்று அந்தக் கையைக் காணவில்லை.

*

கிடங்கில் இணையக் கடையின் பதினொன்றாம் மாதத்துப் பெருந்தள்ளுபடி தொடங்கியிருந்தது. லாரிகளுக்காகப் பின்கதவுகளை மூடாமலே வைத்திருந்தார்கள். குளிர் நேராக உள்ளே வந்தது.

வேலை தொடங்குவதற்கு முன் ஷுவாங்மெய் தம்பியைத் தேடி வந்தாள். சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை.

"எங்க திருடுன?" என்றான் கெஹாய்.

"திருடல. திரும்பி வந்த சரக்கு. உறை கிழிஞ்சு போச்சு, குப்பையில போடுன்னாங்க. கையைப் பாருடா, கருவாடு மாதிரி வெடிச்சுக் கிடக்கு."

"உனக்கு வேணாமா?"

"நான் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுறவ. இதைப் போட்டா டேப் இதுலதான் ஒட்டும். பேசாம போடு."

அவன் போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.

ஷுவாங்மெய் முன்பு இந்த வரிசைகளில் நடந்து நடந்து சரக்கெடுத்தவள். எந்தப் பொருள் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பாள். ரோபோ கைகள் வந்ததும் அவளைப் பெட்டி கட்டும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கெஹாயை மட்டும் கைகளுக்குக் காவலாக வைத்தார்கள்.

"உன் பொண்டாட்டி அங்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்து கிளிக் பண்றா" என்றாள். "அவ நல்லா பண்ணினா, எனக்கு வரிசை போச்சு. இன்னும் நல்லா பண்ணட்டும், உனக்கும் போவும். வெளியாள் தேவையே இல்ல, குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்கிட்டோம்."

"காலங்காத்தால ஆரம்பிக்காதக்கா."

"சிரிக்கத்தான் சொன்னேன்." அவள் சிரிக்கவில்லை. அவள் கண் வேறெங்கோ போயிருந்தது. "அந்த விளக்கு ஏன் எரியல?"

ஒவ்வொரு ரோபோ கைக்கு முன்னாலும் இரண்டு தூண்கள் உண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத கதிர். மனிதக் கை அதைத் தாண்டினால் ரோபோ கை செத்ததுபோல் நின்றுவிடும். ஆட்கள் அதை 'வேலி' என்பார்கள். வேலி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகத் தூணின் அடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அன்று அந்த வரிசை முழுக்க விளக்குகள் இருண்டு கிடந்தன.

"மேனேஜர் பாங் நிறுத்தச் சொல்லிட்டாரு. தள்ளுபடி முடியற வரைக்கும்" என்றான் கெஹாய். "கை வெச்சு எடுக்கறப்பல்லாம் நின்னு நின்னு கிளம்பினா சரக்கு தேங்குதாம்."

"அப்ப நீ உள்ள கை வைக்காதே."

"சிக்கெடுக்காம விட்டா என்னைத்தான் திட்டுவாரு. அது திணறிக்கிட்டு நிக்கும்போதுதான் வைப்பேன். அந்தப் பக்கம் ஒருத்தர் புள்ளி வெச்சாத்தானே அது அசையும்? நீ போ, மணி அடிக்கப்போறான்."

அந்தப் பக்கம் இருப்பது யார் என்பதை அவன் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்குக் கேலி செய்வாள்.

*

"மறுபடம் கேக்கறதைக் குறைச்சுக்குங்க" என்று தௌ வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொன்னான். "மேலிடத்துல ஒவ்வொண்ணையும் பாக்குறாங்க. படம் தெளிவா இருந்தா உடனே புள்ளி. யோசிக்காதீங்க."

ரூயுன் தலையாட்டினாள். வெந்நீர் குடித்தாள். படங்கள் வந்துகொண்டே இருந்தன.

சாம்பல் நிறக் கம்பளிக் கையுறைகள் நிறைந்த ஒரு பெட்டி வந்தது. விலைச்சீட்டுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே குவியலாகக் கிடந்தன. மேலே ஒன்று மட்டும் எதிலும் சிக்காமல், விரல்கள் விரிந்து, பிடிப்பதற்குத் தோதாக இருந்தது.

அதன் உள்ளங்கையில் புள்ளி வைத்தாள்.

அடுத்த படம் வந்தது. சமையல் கரண்டிகள். அதற்கடுத்து முகப்பூச்சு. சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது, கெஹாயின் வரிசையிலிருந்து படமே வரவில்லை.

"தௌ சார், அந்த வரிசைக்கு என்ன ஆச்சு?"

தௌ தன் திரையைப் பார்த்தான். "நிறுத்தி வெச்சிருக்காங்க. ஏதாவது பழுதா இருக்கும்."

*

பழுது இல்லை. ஷுவாங்மெய் அந்த அலறலைப் பெட்டி கட்டும் மேசையில் இருந்தே கேட்டாள். ஆணின் குரலா பெண்ணின் குரலா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அவள் கால்கள் நேராகத் தம்பியின் வரிசைக்குத்தான் ஓடின.

ரோபோ கை அவனுடைய கையைக் கவ்விக்கொண்டு, கற்றுக்கொடுத்த வேகத்தில், கற்றுக்கொடுத்த பாதையில் பட்டையை நோக்கித் திரும்பியிருந்தது. நடுவில் இருந்த இரும்புச் சட்டத்தில் அவன் கை நசுங்கியிருந்தது. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியிருந்தார்கள். கெஹாய் தொங்கியும் தொங்காமலும் நின்றிருந்தான். சாம்பல் கம்பளி கருத்துக்கொண்டே வந்தது.

"அவிழ்த்து விடுங்கடா! பாத்துக்கிட்டு நிக்கறீங்களே!"

பிடியைத் தளர்த்தத் தெரிந்த ஆள் வருவதற்குள் அவன் மயங்கிவிட்டான். ஷுவாங்மெய் அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள். மேலாளர் பாங் மூச்சிரைக்க வந்தார். வந்ததும் முதலில் கேட்டது, "ஓடுற மெஷின்ல ஏன் கை வெச்சான்?"

ஆம்புலன்ஸில் ஒருமுறை கெஹாய்க்கு நினைவு திரும்பியது.

"அக்கா, ரூயுன்கிட்ட சொல்லாத."

"சொல்லாம எப்படிடா?"

"எப்படி நடந்துச்சுன்னு சொல்லாத. விழுந்துட்டேன்னு சொல்லு."

வலியில் உளறுகிறான் என்று நினைத்தாள் அவள்.

*

அலைபேசிகளை அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும் என்பது தான்செங் அலுவலகத்தின் விதி. அவசரம் என்று அலுவலக எண்ணுக்கு ஷுவாங்மெய் அழைத்ததால், ரூயுன் தன் அலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து பேசினாள்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல, முதல்ல அதைக் கேட்டுக்கோ. கை மாட்டிக்கிச்சு. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீ கிளம்பி வா."

"எப்படி அக்கா? அவர்தான் கவனமா இருப்பாரே! நிக்கும்போதுதானே கை வைப்பாரு?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சாம். திடீர்னு கவ்விடுச்சாம். எல்லாம் என் தப்பு ரூயுன், என் தப்பு. குளிருதேன்னு நான்தான் கையுறை கொடுத்தேன். அந்தப் பெட்டியில இருந்ததும் அதே கையுறையாம். அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியல பாரு."

ரூயுன் படியில் உட்கார்ந்தாள்.

"என்ன நிறம்?"

"என்னது?"

"கையுறை. என்ன நிறம் அக்கா?"

"சாம்பல். இப்ப அதுவா முக்கியம்? வண்டி பிடிச்சு வா. உன் பொண்ணு மியாவ் ஹாஸ்டல்லதானே இருக்கா, அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத."

அழைப்பு முடிந்த பிறகும் அவள் அலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து தௌவின் அறைக்குப் போனாள்.

அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"அந்தப் படத்தைக் காட்டு."

"வேணாம் அக்கா."

"காட்டு தௌ." இதுவரை 'சார்' சேர்க்காமல் அவனை அவள் கூப்பிட்டதில்லை.

அவன் திரையைத் திருப்பினான். இப்போது பார்க்கும்போது எல்லாமே தெரிந்தது. கையுறைக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டு. நீல முழுக்கைச் சட்டையின் ஓரம். அவள் அதை நிழல் என்று நினைத்திருந்தாள். விரித்த ஐந்து விரல். அவளுக்காக விரித்தது. உள்ளங்கையின் நடுவில் அவள் வைத்த பச்சைப் புள்ளி.

அவளுக்கு அழுகை வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜியாஷிங்ல இருந்து படத்தையும் புள்ளி வெச்சவங்க பேரையும் கேக்குறாங்க" என்றான் தௌ. "அனுப்பினதும் இங்க இருந்து அழிஞ்சுடும். அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. லிங்ஃபாங் போன வாரம் வேலையை விட்டுட்டுக் குவாங்டாங் போயிட்டா. அவ பேரு இன்னும் நீக்கல. அவ பேர்ல அனுப்பிடறேன். அவளை யாரும் தேடிப் பிடிக்கப் போறதில்ல. உங்க பேரும் வராது, அந்த வரிசையை நான் உங்களுக்குத் திருப்பிவிட்டதும் வராது."

அவள் படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலித் தூணின் அடிப்பகுதி தெரிந்தது. கெஹாய் அதைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறான். மஞ்சள் விளக்கு எரிகிறவரை எனக்குப் பயமில்லை என்பான். விளக்கு எரியவில்லை.

தௌ தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வெந்நீர் பிடிச்சுட்டு வரேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான். குடுவையில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்ததை அவள் கவனித்தாள்.

அலைபேசியை உயர்த்தித் திரையைப் படமெடுத்தாள். அவன் திரும்பி வருவதற்குள் படியிறங்கிவிட்டாள்.

*

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் கேட்காமலே அவளுக்கு ஓர் ஆரஞ்சு கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் ஷுவாங்மெய் கூப்பிட்டாள்.

"மூணு விரலை எடுத்துட்டாங்க." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கு. எலும்புக்குத் தகடு வெச்சிருக்காங்க. இன்னும் மயக்கம் தெளியல."

ரூயுன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குறியா? இந்த பாங் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? அதிகாரிங்க வரதுக்குள்ள வேலியைப் போட்டுட்டான். அவங்க வந்து பாக்கறப்போ விளக்கெல்லாம் பளிச்சுனு எரியுது! நான் பாத்தேன்னு சொன்னா, நீ அவன் அக்கா, நீ அப்படித்தான் சொல்லுவேங்கறான். மத்தவன் ஒருத்தன் வாயைத் திறக்கல."

"நான் வந்துடறேன் அக்கா."

"எங்கயோ உக்காந்து எவளோ கிளிக் பண்ணியிருக்கா பாரு, அவ என் கையில கிடைக்கணும். கண்ணா அது, புண்ணா? ஒரு மனுஷன் கையை அடையாளம் தெரியாதா? நீயும் அதே வேலைதானே பாக்குற, நீ பண்ணியிருப்பியா சொல்லு?"

சுரங்கப் பாதை வந்தது. தொடர்பு அறுந்தது. மறுபடி சிக்னல் வந்தபோது ரூயுன் திருப்பிக் கூப்பிடவில்லை.

அவளிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதைக் காட்டினால் வேலி ஓடாமல் இருந்தது நிரூபணமாகும். அதை எடுத்தது எப்படி என்று கேட்பார்கள். காட்டாமல் இருந்தால் லிங்ஃபாங் என்கிற, யாரும் தேடாத ஒருத்தியின் தலையில் எல்லாம் போய்விடும். கெஹாய்க்குக் கூடவா தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் அந்த விரித்த விரல்கள் ஞாபகம் வந்தன. அவனுக்குத் தெரியும். அவனுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும்.

*

பொழுது சாயும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். தாழ்வாரத்தின் கடைசியில் ஷுவாங்மெய் நின்றிருந்தாள். மேல்சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்திருந்தது. எதிரே பழக்கூடையுடன் பாங்.

ஷுவாங்மெய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டியா. உள்ள இருக்கான். இப்பதான் அசைய ஆரம்பிச்சிருக்கான். போ."

ரூயுன் போகவில்லை.

"இவங்கதான் மனைவியா?" பாங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்ப வருத்தம், தங்கச்சி. உங்க நாத்தனார்கிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். தூரத்துல ஒரு பொண்ணு பாக்காம புள்ளி வெச்சிட்டா. பேரு கூட வந்துருச்சு, லிங்ஃபாங். அவளை நீக்கிட்டோம். தம்பியும் ஓடுற மெஷின்ல கை வெச்சிருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் தப்பு. வேலி நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வைத்தியத்தைக் கம்பெனி பாத்துக்கும். இதோட விட்டுட்டா எல்லாருக்கும் நல்லது."

"வேலி ஓடல" என்றாள் ரூயுன்.

"நீங்க இங்க இல்லையேம்மா."

"லிங்ஃபாங் இல்ல. புள்ளி வெச்சது நான்."

ஷுவாங்மெய் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

ரூயுன் அலைபேசியைத் திறந்து நீட்டினாள். "பாருங்க. விளக்கைப் பாருங்க. எரியுதா? இதை நான் எந்த அதிகாரிக்கு வேணும்னாலும் காட்டுவேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

பாங் படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் அவர் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். இன்னொரு முறை பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மெல்ல அந்த முகத்தில் நிறம் திரும்பியது.

"சிக்கெடுக்கிற கை இப்படியா இருக்கும்?" என்றார். "விரலை விரிச்சுக் காட்டுறானே. யாருக்கு?"

ரூயுன் அலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவன் வரிசைப் படம் உனக்கு எப்படி வந்துச்சு? ஓ! புருஷன் அங்க, பொண்டாட்டி இங்க. கம்பெனி மெஷினை வெச்சுக் கைகாட்டி விளையாடியிருக்கீங்க. தள்ளுபடி நேரத்துல." அவர் பழக்கூடையை நாற்காலியில் வைத்தார். "காட்டும்மா, தாராளமா அதிகாரிக்குக் காட்டு. வேலியைப் பத்தி அவங்க என்னைக் கேக்கட்டும். இதைப் பத்தி உன்னைக் கேப்பாங்க. அவன் வேலைக்குக் கை வெச்சானா, விளையாட்டுக்கு வெச்சானா? அதை வெச்சுத்தான் அவனுக்கு நஷ்டஈடு, எல்லாமே."

அவர் நடந்து போனார். அவசரமில்லாமல் போனார்.

ஷுவாங்மெய் கையை நீட்டினாள். ரூயுன் அலைபேசியைக் கொடுத்தாள். ஷுவாங்மெய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கையுறையை, விரல்களை, பச்சைப் புள்ளியை.

"உனக்குத்தான் காட்டினானா?"

"ஆமாக்கா."

"நேத்தும்?"

"தினமும்."

"ஆம்புலன்ஸ்ல சொன்னான், உன்கிட்ட சொல்லாதேன்னு. நான் வேற என்னமோன்னு நினைச்சேன்."

ரூயுன் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஷுவாங்மெய் அலைபேசியை அந்தக் கையில் வைத்தாள். திட்டவில்லை. அடித்திருந்தால்கூட ரூயுனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஷுவாங்மெய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

ரூயுன் கதவில் நெற்றியை வைத்து நின்றாள்.

உள்ளே கட்டில் முனகியது. பிறகு கெஹாயின் குரல். மருந்தின் மயக்கத்தில் குழறினாலும் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, ரூயுன் வந்துட்டாளா?"

கதவருகிலிருந்து காலடிச் சத்தம் கட்டிலை நோக்கிப் போனது.

"இன்னும் வரல" என்றாள் ஷுவாங்மெய். "நீ தூங்கு."